வாத்தியாரின் கடைசி ஊர்

1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி, திங்கட்கிழமை இரவு, புதுச்சேரியில் ஒரு சிறுவர் நாடகக் கம்பெனியின் வாத்தியார் காலமானார். அவருக்கு அப்போது வயது 55. பக்கவாதத்தினால் உடல் முடங்கி, நாவும் கட்டுண்டு, ஒரு சொல்லும் பேச இயலாதவராக, ஆயினும் தாம் ஆளாக்கிய பிள்ளைகளைப் பிரிய மனமில்லாதவராகக் கம்பெனியோடு கூடவே இருந்துவந்த அந்தப் பெரியவர், அக்காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த இந்நகரில் தம் யாத்திரையை முடித்துக்கொண்டார். தூ. தா. சங்கரதாஸ் சுவாமிகள் என்பது அவர் பெயர். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று அவருடைய சிஷ்யர்கள் அவரைக் கொண்டாடினார்கள். பிற்காலத்தார் அதனினும் ஒரு படி மேலே போய் நாடகத் தந்தை என்றார்கள்.

புதுவையில் எங்கள் பேட்டையான கதிர்காமத்திலிருந்து வடகிழக்கே சிறிது தூரத்தில் இருக்கும் கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. கருவடிக்குப்பம் என்றதும் படித்தவர்களுக்குப் பாரதியாரின் குயில் தோப்பு நினைவுக்கு வரும். பக்தர்களுக்குச் சித்தானந்த சுவாமிகள் கோயில் நினைவுக்கு வரும். நாடகத்தையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு மட்டும் இந்தச் சமாதி நினைவுக்கு வரும். ஆண்டுதோறும் அவர் மறைந்த நாளில் அவர்கள் வந்து மாலை சாத்திவிட்டுப் போகிறார்கள். பாரதியார் புதுவையை விட்டுப் போய் நான்கு ஆண்டுகளும், சென்னையில் காலமாகி ஓராண்டுக்குச் சற்று அதிகமும் ஆகியிருந்த சமயத்தில், தமிழ்ப் பாட்டையே தொழிலாகக் கொண்ட மற்றொருவரையும் இந்த மண் ஏற்றுக்கொண்டது என்பதை இவ்வூர்க்காரர்களே பலர் அறியார்.

அவருடைய வாழ்க்கையைப் படிப்பவர்க்கு முதலில் எழும் கேள்வி, வாய் பேசமுடியாத ஒருவர் எவ்வாறு பாட்டு வாத்தியாராக இருந்திருக்க முடியும் என்பதாகும். பாட்டும் வசனமும் வாத்தியாரின் வாயிலிருந்து பிள்ளைகளின் காதுக்குப் போகவேண்டிய காலம் அது. அச்சிட்ட புஸ்தகங்களும் ஸ்வரக் குறிப்புகளும் இல்லாமலில்லை. ஆனால் அவற்றைப் பார்த்துப் பாடம் செய்யும் வழக்கம் நாடகக் கம்பெனிகளில் இல்லை. அப்படியிருக்க, வாத்தியாரின் வாய் அடைத்த பின்பும் கம்பெனி நடந்தது; நாடகங்கள் நடந்தன; பாட்டுகள் ஒலித்தன. இதன் காரணத்தை ஆராயப் புகுந்தால், சுவாமிகளின் சரித்திரத்தோடு, உடற்குறை உடையவர்களுக்கு நம் நாட்டுச் சங்கீதமும் கவிதையும் தொன்றுதொட்டு அளித்துவந்த இடத்தின் சரித்திரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

தூத்துக்குடிக்கு அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி பிறந்தவர் சங்கரன். தந்தையார் தாமோதரர் இராமாயணத்தில் வல்லவர். மகனுக்கு முதல் ஆசிரியரும் அவரே. பின்னர்ப் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் பாடம் கேட்கும் பாக்கியம் வாய்த்தது; வண்ணச்சரபம் என்று புகழ்பெற்ற முருகதாச சுவாமிகளே இவர் என்பர். அங்கே உடன் பயின்றவர் உடுமலை முத்துசாமிக் கவிராயர். அந்தப் பாடசாலையில் பயின்ற பயிற்சி சாமானியமானதன்று. சந்தமும் வண்ணமும் சொல்லுக்கு முன்னே நாவில் வந்து நிற்கும்படி ஆக்கிவிடும் பயிற்சி அது. பதினாறு வயதிலேயே வெண்பாவும் கலித்துறையும் எழுதத் தொடங்கிய அந்த இளைஞர், வயிற்றுப்பாட்டுக்காகச் சிறிது காலம் உப்பளத்தில் கணக்கு எழுதினார். உப்புக் கணக்கில் அவர் மனம் ஒட்டவில்லை. இருபத்து நான்காம் வயதில் நாடகத்தில் சேர்ந்தார். அவர் சேர்ந்த அதே 1891-இல்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்த உத்தியோகஸ்தர்கள் பொழுதுபோக்காக நடித்த அந்தச் சபைக்கும், ஊர் ஊராகக் கொட்டகை போட்டு வயிறு வளர்க்கவேண்டியிருந்த கம்பெனிக்காரர்களுக்கும் இடையே இருந்த தூரம் மிகப் பெரிது.

நடிகராகச் சங்கரதாசர் ஏற்ற வேஷங்களைக் கவனிக்கவேண்டும்: இரணியன், இராவணன், எமன், சனீசுவரன். எல்லாம் ஆகிருதியும் குரலும் வேண்டிய வேஷங்கள். ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில், தரை டிக்கெட்டின் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் சொல் சொல்லாகக் கேட்கும்படி முழங்க வேண்டும். சாவித்திரி நாடகத்தில் எமனாக வந்து அவர் போட்ட கூச்சலில் கொட்டகையிலிருந்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்தது என்றும், சனீசுவர வேஷத்தோடு விடியற்காலையில் நீர்நிலைக்கு வேஷம் கலைக்கப் போனவரைக் கண்ட பெண்ணொருத்தி பயத்தில் விழுந்து உயிரை விட்டாள் என்றும், அதனால் மனம் நொந்து அவர் வேஷம் கட்டுவதையே விட்டுவிட்டார் என்றும் நாடகக்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். இக்கதைகளில் எத்தனை பங்கு உண்மை, எத்தனை பங்கு கட்டிய கற்பனை என்று நாம் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டுவதில்லை. அந்தச் சரீரத்தையும் அந்தச் சாரீரத்தையும் கண்டு கேட்டவர்கள் இப்படிப்பட்ட கதைகளை நம்பத் தயாராக இருந்தார்கள் என்பதே போதும். பிற்காலத்தில் முடங்கிப்போனவை அந்தச் சரீரமும் அந்தச் சாரீரமுமே.

நாடகத்தை விட்டு அவர் சிலகாலம் க்ஷேத்திர யாத்திரை செய்தார், துறவு பூண்டார், சுவாமிகள் என்ற பெயர் அப்போது வந்தது. யாத்திரையில் புதுக்கோட்டைக்குப் போனவரை அங்கே பிடித்து நிறுத்திவைத்தவர் கஞ்சிராவுக்குச் சங்கீத சபையில் இடம் வாங்கிக் கொடுத்த மான்பூண்டியா பிள்ளை. லயத்தில் மகாமேதை என்று பெயரெடுத்த அவர், சங்கரதாசரைத் தம் சொந்தப் பிள்ளையாகவே பாவித்து வீட்டில் வைத்துக்கொண்டு தாள நுட்பங்களைப் போதித்தார். தண்டபாணி சுவாமிகள் கொடுத்த சந்தமும், மான்பூண்டியா பிள்ளை கொடுத்த லயமும் ஒரே மனிதரிடம் வந்து கூடியதால் விளைந்தவைதாம் வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், அல்லி அர்ஜுனா, சுலோசனா சதி முதலிய நாடகங்கள். அவர் எழுதியவற்றை நாற்பது என்றும் அதற்கு மேல் என்றும் கணக்கிடுவர். சேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டும் சிம்பலைனும், சம்ஸ்கிருத மிருச்சகடிகமும் அவர் கையில் தமிழ் மேடைக்கு வந்தன.

இவற்றின் இலக்கியத் தரத்தைப் பற்றிப் பண்டிதர்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. என் மட்டில், இவை படிப்பதற்காக எழுதப்பட்டவையல்ல என்பதை மறந்துவிட்டு இவற்றைப் படித்துக் குறை சொல்வது நியாயமன்று என்பேன். இந்த நாடகங்கள் செய்த காரியம் வேறு. மதுரையிலிருந்து ஸ்திரீபார்ட் வருவார். புதுக்கோட்டையிலிருந்து ராஜபார்ட் வருவார். ஆர்மோனியக்காரர் வேறோர் ஊர், மிருதங்கக்காரர் இன்னோர் ஊர், பபூன் பிறிதோர் ஊர். திருவிழா நடக்கும் கிராமத்தில் இரவு ஒப்பனைக் கொட்டகையில்தான் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்துக்கொள்வார்கள். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. சிறிது நேரத்தில் திரை விலகும். தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடுவாள். நாரதர் வந்து தர்க்கம் தொடுப்பார். எட்டுக்கட்டையில் ஒருவர் எடுத்தால் மற்றவர் இசைந்து எடுப்பார். பொழுது விடியும்வரை ஒரு தடங்கலும் இராது. இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். முன்பின் அறியாத ஐந்தாறு பேரை இப்படி ஒரே மேடையில் கொண்டுவந்து நிறுத்துவது, அவர்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் ‘சுவாமிகள் பாடம்’ ஒன்றே. இன்றைக்கும் மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கங்களில் முருகன் கோயில் திருவிழா என்றால் வள்ளி திருமணம் இல்லாமல் நிறைவு பெறாது. வள்ளியை இலங்கைக் கதிர்காமத்தோடு சேர்த்தே நினைக்கும் தமிழர்க்கு, அதே பெயர் தாங்கிய எங்கள் பேட்டைக்கு மிக அருகில் அந்த நாடகத்தின் ஆசிரியர் அடக்கமாகியிருப்பது பொருத்தமாகத் தோன்றக்கூடும்.

பெரியவர்களை வைத்துக் கம்பெனி நடத்திச் சலித்த பிறகுதான் சுவாமிகள் சிறுவர்களைத் தேடினார். பேர்பெற்ற நடிகர்கள் எழுதிக்கொடுத்ததைப் பேசுவதில்லை. மேடையில் நின்று நினைத்ததைப் பேசினார்கள், எதிரியை மடக்கினார்கள், கதையை மறந்தார்கள், சில வேளை ஆபாசமும் கலந்தார்கள். சிறுவர்களோ சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். 1910-ஆம் ஆண்டு அவர் ஏற்படுத்திய சமரச சன்மார்க்க நாடக சபையில் பயின்றவர்களில் எஸ். ஜி. கிட்டப்பாவும் அவர் சகோதரர்களும் உண்டு. பிறகு ஜகந்நாதையர் கம்பெனியில் சிலகாலம் ஆசிரியராக இருந்துவிட்டு, 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நீண்ட பெயரோடு தம்முடைய சபையைத் தொடங்கினார். அந்த ஆண்டே அதில் வந்து சேர்ந்த பிள்ளைகளில், ஸ்திரீபார்ட் நடிகர் கண்ணுசாமிப் பிள்ளையின் குமாரர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுள் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன். பிற்காலத்தில் ஔவை சண்முகம் என்று நாடு போற்றிய டி. கே. சண்முகம் அவன்.

அந்தச் சிறுவன் வளர்ந்து எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’ முதலிய நூல்கள் இல்லாவிட்டால் சுவாமிகளைப் பற்றி நமக்குத் தெரிந்தது மிகச் சொற்பமாகவே இருந்திருக்கும். அவர் சொல்லும் செய்திகளில் ஒன்று இது. அபிமன்யு சுந்தரி என்ற நாடகம் வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, சுவாமிகள் ஓரிரவு விளக்கை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். பொழுது விடிவதற்குள், நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களும் வசனங்களும் அடங்கிய நான்கு மணி நேர நாடகம் முற்றுப்பெற்றிருந்தது. நூறு பாட்டுக்கு மெட்டும் தாளமும் வேண்டும். பாத்திரத்துக்குத் தகுந்த சொல் வேண்டும். நடிக்கும் பிள்ளையின் சுருதி எட்டும் இடத்துக்குள் பாட்டு அடங்கவேண்டும். ஒரே இரவில் இவ்வளவும் இயன்றதென்றால், எழுதத் தொடங்குமுன்பே பாட்டுகள் அவருள் திரண்டிருந்தன என்றுதான் கொள்ளவேண்டும். எழுத்தாணிக்கும் பேனாவுக்கும் உள்ள வேலை படியெடுக்கும் குமாஸ்தாவின் வேலையே.

இங்கே சற்றுப் பின்னோக்கிச் செல்ல வாசகர்கள் இடங்கொடுக்க வேண்டும். கலை புஸ்தகத்தில் இல்லாமல் நினைவிலும் நாவிலும் வாழ்ந்த ஒரு நாட்டில், கண்ணில்லாமையோ காலில்லாமையோ கல்விக்குப் பெருந்தடையாக இருந்ததில்லை. புதுவைக்கு மேற்கே, விழுப்புரத்தை அடுத்து, பம்பையாற்றின் கரையில் திருவாமாத்தூர் என்ற தலம் இருக்கிறது. சுவாமிகளின் குருவாகச் சொல்லப்படும் தண்டபாணி சுவாமிகள் கௌமார மடம் நிறுவி, 1898-இல் அடங்கிய ஊர் அது. புலவர்களின் சரித்திரங்களையெல்லாம் திரட்டிப் புலவர் புராணம் பாடிய அந்த மகான் தங்கியிருந்த ஊருக்கு, அவருக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் இரண்டு புலவர்கள் வந்திருக்கிறார்கள். ஒருவருக்குக் கண் இல்லை; ஒருவருக்குக் கால் இல்லை. கண்ணில்லாதவர் தோளில் காலில்லாதவர் ஏறிக்கொண்டு வழி சொல்ல, இருவருமாகத் தமிழ்நாட்டுத் தலங்களையெல்லாம் சுற்றினார்கள். ஒரு வெண்பாவின் முற்பாதியை ஒருவர் சொன்னால் பிற்பாதியை மற்றவர் முடிப்பார். இரட்டையர் என்று பெயர்பெற்ற இவர்கள் பாடிய தில்லைக் கலம்பகமும் கச்சிக் கலம்பகமும் திருவாமாத்தூர்க் கலம்பகமும் இன்றும் கற்றோரால் போற்றப்படுகின்றன. திருவாமாத்தூர் விஷயத்தில் ஒரு கதை உண்டு. கோயில் ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை மாற்றிப் பாடிவிட்டார்களாம். சபையோர் பிழை கூறினார்கள். அன்றிரவு வெள்ளம் வந்து ஆறே தன் போக்கை மாற்றிக்கொண்டு புலவர்களின் வாக்கை மெய்யாக்கியதாம். குருடனும் முடவனும் தப்பாகத்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தவர்களுக்குப் பாமரர் சமைத்த பதில் போலும் இக்கதை.

தொண்டைநாட்டில் பிறந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே பார்வையில்லாதவர். ஆசிரியர் அவருடைய முதுகில் விரலால் எழுதிக் காட்ட, அந்த ஸ்பரிசத்தாலேயே எழுத்துகளை அறிந்துகொண்டார் என்பர். அப்படிக் கற்றவர் சேயூர் முருகன் பிள்ளைத்தமிழும் சந்திரவாணன் கோவையும் திருக்கழுக்குன்றப் புராணமும் இயற்றினார், சங்கீதத்திலும் வல்லவராயிருந்தார், யாழ்ப்பாணத்து அரசவை வரை சென்று பரிசில் பெற்றுத் திரும்பினார் என்று சரித்திரம் சொல்லும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், பழனியில் 1836-இல் பிறந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர், குழந்தைப் பருவத்தில் அம்மை வார்த்துக் கண்ணிழந்தவர். அவருடைய ஞாபக சக்தியையும் விரைந்து பாடும் ஆற்றலையும் மெச்சிய சமஸ்தானம் இராமநாதபுரம். அம்மை நோய் நம் நாட்டில் எத்தனை கண்களைக் கொண்டுபோயிற்று என்பதை நினைத்தால், பார்வையற்ற புலவர்களும் பாடகர்களும் ஏன் இத்தனை பேர் என்பது விளங்கும். அது தெய்வ சங்கற்பமென்று பேசுவதற்கு முன் வைத்திய சரித்திரத்தைப் பார்ப்பது நலம்.

சங்கீதத்திலும் அப்படியே. கும்பகோணம் சரப சாஸ்திரிகள் 1872-இல் பிறந்து, இரண்டாம் வயதில் பார்வையை இழந்தவர். கிருஷ்ணன் கையில் சித்திரத்தில் காணப்பட்ட புல்லாங்குழலைக் கச்சேரி மேடையின் நடுநாயகமாக உட்காரவைத்த பெருமை அவருக்கே உரியது. மூங்கிலில் எட்டுத் துளை. துளையை முழுதும் மூடினால் ஒரு ஸ்வரம். பாதி மூடினால் இன்னொன்று. கால் பங்கு விரலை வழுக்கினால் கமகம். இந்த நுட்பத்தில் கண்ணுக்கு வேலையே இல்லை; விரல் நுனிக்கும் மூச்சுக்கும் காதுக்குமே வேலை. முப்பத்திரண்டே வயதில் 1904-இல் அவர் மறைந்தபோது, அந்த வாசிப்பு பல்லடம் சஞ்சீவ ராவின் விரல்களில் இருந்தது. அவர் 1962 வரை வாழ்ந்தார். சங்கரதாசர் பிறந்த அதே 1867-இல் பிறந்த வீணை தனம்மாளுக்கு க்ஷேத்ரக்ஞர் பதங்களைக் கற்பித்தவர்களுள் பாலதாசர் என்ற பார்வையற்ற வித்வானும் ஒருவர். அந்தத் தனம்மாளுக்கே முதுமையில் பார்வை மங்கிப்போயிற்று. விளக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் வீட்டு வெள்ளிக்கிழமைக் கச்சேரியைக் கேட்க வந்த ரசிகர்கள் குறையவில்லை.

புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சு தேசத்திலும் இதே பிரச்சினைக்கு வேறொரு விடை கண்டிருக்கிறார்கள். சேணம் தைக்கும் தொழிலாளியின் மகனான லூயி பிரெயில், மூன்று வயதில் தகப்பனாரின் பட்டறையில் விளையாடும்போது குத்தூசி பட்டுப் பார்வையிழந்தவர். அவர் வளர்ந்து பாரிஸில் மாதாகோயில் ஆர்கன் வாசிப்பவராக இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1829-இல் அவர் வெளியிட்ட புள்ளி எழுத்து முறை, சொற்களை எழுதுவதற்கு மட்டுமன்றிச் சங்கீதத்தை எழுதுவதற்கும் சேர்த்தே வகுக்கப்பட்டது. அந்தகக்கவியின் முதுகில் எழுதிய ஆசிரியருக்கும் பிரெயிலுக்கும் எண்ணம் ஒன்றே. ஆனால் ஒரு பேதம் உண்டு. முதுகில் எழுத ஒருவர் கூடவே இருக்கவேண்டும். புள்ளி எழுத்துக்கு ஆள் துணை வேண்டுவதில்லை. தனியே இருந்து எவரும் படித்துக்கொள்ளலாம். பாளையங்கோட்டையில் 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்குப் பள்ளி தொடங்கிய பிறகே தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தச் சுதந்திரம் சிறிது சிறிதாக வந்தது.

ஆகவே நம் பழைய முறையை வானளாவப் புகழ்ந்துவிடவும் எனக்கு மனமில்லை. அம்முறையில் உடற்குறை உடையவர்கள் எப்போதும் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டே நடக்கவேண்டியிருந்தது. அந்தக் கை விலகினால் அவர்கள் கதி தெருவே. கண்ணில்லாத பிள்ளை என்றால் பாட்டில் விருப்பம் உண்டா என்றுகூடக் கேளாமல் பாட்டுக்கே அனுப்பினார்கள். பெண் பிள்ளையாயின் அதுவும் அரிது. உடற்குறையே கலையை வளர்த்தது என்று சிலர் உருகிப் பேசுவார்கள். அது வீண் பேச்சு. குறை எதையும் வளர்க்கவில்லை. பாடம் கொடுக்கும் முறை, குறையுள்ளவரையும் ஏற்றுக்கொள்ளும்படி அமைந்திருந்தது. வாயிலிருந்து காதுக்கும், காதிலிருந்து மற்றொரு வாய்க்கும் போய்க்கொண்டிருந்த கலைக்கு, ஓர் உடம்பில் ஒரு வாசல் அடைபட்டால் இன்னொரு வாசல் கிடைத்தது. இவ்வளவே நாம் சொல்லக்கூடியது. இதுவே சாதாரணமான சாதனையன்று.

இனிப் புதுவைக்குத் திரும்புவோம். இரட்டையருக்கும் அந்தகக்கவிக்கும் சரப சாஸ்திரிகளுக்கும் குறை இளமையிலேயே வந்தது. அதற்குத் தக்கபடி அவர்கள் வாழ்வை அமைத்துக்கொண்டார்கள். சுவாமிகளுக்கோ எல்லாம் முடிந்து நிறைந்த பிற்பாடு வந்தது. எமனாக முழங்கிய குரல் ஒரு நாளில் அடங்கிற்று. ஒரே இரவில் நாடகம் எழுதிய மனிதருடைய உடம்பு அவர் சொற்படி கேட்க மறுத்தது. மற்றவர்க்கு நேர்ந்த கண்ணிழப்பைவிட இது கொடுமை என்று எனக்குப் படுகிறது. ஏனெனில் கவிஞருக்கு, அதிலும் வாயாலேயே பாடம் சொல்லும் கவிஞருக்கு, நாவைவிட நெருங்கிய கருவி வேறில்லை. சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூரில் கண்ணிழந்தபோதும் அவருக்கு நா இருந்தது. வெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றதும், காஞ்சியிலும் ஆரூரிலும் கண் பெற்றதும் பதிகம் பாடியேயன்றோ? ஆண்டவனிடம் உரிமையோடு சண்டையிட்டுக் கேட்பதற்கும் நா வேண்டும். சுவாமிகளுக்கு அந்த வழியும் இல்லாமற் போயிற்று.

அந்த நிலையில் அவர் ஊருக்குத் திரும்பியிருக்கலாம்; ஏதேனும் மடத்தில் ஒதுங்கியிருக்கலாம். துறவிக்கு இரண்டும் பொருத்தமே. அவர் சபையோடேயே இருந்தார். சபையும் அவரைச் சுமையாகக் கருதவில்லை. கம்பெனி வாழ்க்கையை அறிந்தவர்க்கு இதன் அருமை தெரியும். ஓர் ஊரில் வசூல் குறைந்தால் மறு ஊருக்குக் கிளம்பவேண்டும். திரைகள், பெட்டிகள், உடுப்புகள், சமையல் பாத்திரங்கள், பிள்ளைகள் எல்லாம் ரயிலிலும் வண்டியிலும் ஏறவேண்டும். பிரெஞ்சு எல்லை என்றால் சுங்கச் சாவடியையும் கடக்கவேண்டும். அத்தனைக்கும் நடுவே பேசாத, நடக்காத ஒரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு போவதென்றால், அவர் அங்கே நோயாளியாக அல்ல, வாத்தியாராகவே இருந்தார் என்று பொருள்.

பிள்ளைகள் அவர் எழுதிய நாடகத்தை, அவர் போட்ட மெட்டில், அவர் திருத்திக் கொடுத்த உச்சரிப்போடு பாடிக்கொண்டிருந்தார்கள். தம் குரலில் இனி வரமுடியாத பாட்டைப் பிறர் குரலில் அவர் கேட்டார். அந்தப் பிள்ளைகள் சொல்லைச் சிறிதும் மாற்றாமல் பாடும்படி அவர் முன்பே பழக்கியிருந்ததனால்தான் அது சாத்தியமாயிற்று. பெரிய நடிகர்கள் தம் இஷ்டப்படி பேசிய கம்பெனியாக இருந்தால், வாத்தியாரின் வாய் அடைத்த அன்றே அவருடைய நாடகமும் கலைந்துபோயிருக்கும். கட்டுப்பாடு வேண்டுமென்று அவர் செய்த ஏற்பாடு, தமக்கு வரப்போகும் வியாதிக்குச் செய்த மருந்தாகவும் முடிந்தது. அவர் அப்படி நினைத்துச் செய்ததன்று. ஆயினும் விளைவு அதுவே.

பிற்பாடு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். டி. கே. எஸ். சகோதரர்கள் 1925-இல் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைத் தாமே தொடங்கி, கால் நூற்றாண்டுக்கு மேல் தமிழ் நாடகத்தைத் தாங்கினார்கள். தங்கள் வாத்தியாரின் பெயரைச் சொல்லாத மேடை அவர்களுக்கு இருந்ததில்லை. கிட்டப்பா 1933-இல் இளவயதிலேயே மறைந்தாலும், அவருடைய இசைத்தட்டுகளில் அந்தப் பள்ளியின் சாரீரம் இன்னும் கேட்கிறது. மதுரையில் ஸ்பெஷல் நாடக நடிகர்கள் சுவாமிகளுக்குக் குருபூஜை நடத்துகிறார்கள். புதுவை மத்தியப் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயிற்றும் துறைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. தாம் கடைசியாக வந்து சேர்ந்த ஊரில் இப்படி ஒரு பள்ளி தம் பெயரால் நடக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

புதுவை வாசிகளுக்கு ஒரு விண்ணப்பம். நவம்பர் 13-ஆம் தேதி கருவடிக்குப்பம் போகிறவர்கள் மாலையோடு திரும்பிவிடாமல், வள்ளி திருமணத்திலிருந்தோ பவளக்கொடியிலிருந்தோ ஒரு பாட்டையாவது அங்கே பாடச் செய்யவேண்டும். அதற்கு வெளியூர் வித்வான் வேண்டியதில்லை. நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் பாடம் சொல்லிக் கொடுத்தால் போதும். அப்படிப் பாட வரும் பிள்ளைகளில் ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் வருகிறவர்களும் இருப்பார்களாகையால், நம் நகரத்து நாடக அரங்குகளில் பார்வையாளர் இடத்துக்கு மட்டும் சாய்தளம் கட்டி நிறுத்திவிடாமல், மேடைக்கு ஏறவும் ஒன்று கட்டித்தர வேண்டும்.